மஞ்சள் தையல்

எங்கள் வெள்ளச்சிக்கு இடுப்பெலும்பு துருத்த ஆரம்பித்த வாரத்தில், அப்பா அவளை அளந்து பார்த்துவிட்டு, "கரெக்டா வந்துட்டாம்மா" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு வந்த கோபத்துக்குத் தவிட்டு வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கிற அளவுக்கு அதில் தவிடு இல்லை.

வெள்ளச்சி எங்கள் தாய்ப்பன்றி. சினையாக இருந்தாள். ஒரு காலத்தில் கொட்டகை நிறைய வெண்பன்றிகள் இருந்தன. அம்மா படுத்ததும் அப்பா ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். இவளை மட்டும் அம்மா விடவில்லை. பிறந்த அன்றே தாயின் அடியில் சிக்கி நசுங்கப் போனவளை இழுத்தெடுத்து, மடியில் போட்டுப் பால் புட்டியில் வளர்த்தவள் அம்மா. "இவள வித்துடாத. இவ போடற குட்டிங்கள வெச்சி மறுபடியும் ஆரம்பி." சாவதற்கு முன்னால் இன்னாசியம்மாள் தன் புருஷன் சிங்கராயரிடம் கேட்டது இது ஒன்றுதான். அப்பாவும் அம்மாவின் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். அதனால் அந்த வயிற்றுக்குள் இருந்த குட்டிகள் வெறும் குட்டிகள் இல்லை. அவை போய்விட்டால் அப்பாவும் போய்விடுவார் என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

எங்கள் வீடு ஆரணிக்கு வெளியே, கமண்டல நதிப் பக்கம். நான் வேலை பார்ப்பது ஊருக்குள் ஒரு பட்டுக்கடையில், பில் போடுகிற இடத்தில். காலையில் பன்றிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பட்டுப்புடவைக்கு நடுவே போய் உட்காருவேன். அப்படியும் முதலாளியம்மா குணசுந்தரிக்கு நான் பக்கத்தில் போனால் மூக்கு சுருங்கும். சுருங்கட்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சின சோறும் எங்கள் கொட்டகைக்குத்தான் வந்தது.

அளக்கிறது என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். பன்றியை எடைமேடையில் ஏற்றுவது பெரிய பேஜார். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் எடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதற்குச் சந்தையில் டேப் விற்கிறது. அம்மா வாங்கவில்லை. கல்யாணப் புடவை கிழிந்தபோது அதன் கரையை நீளமான பட்டையாகக் கத்தரித்து, அதில் மூன்று இடத்தில் பட்டு நூலால் தையல் போட்டு வைத்துக்கொண்டாள். மஞ்சள் தையல் வளர்கிற பன்றிக்கு. பச்சை வந்தால் விற்கலாம். சிவப்பு, சினைப்பன்றி இருக்கவேண்டிய அளவு. சிவப்பைத் தாண்டினால் கொழுப்பு, பிரசவம் சிரமம். சிவப்புக்கு வராவிட்டால் இளைப்பு, குட்டிக்குப் பால் இருக்காது. ஊரே பட்டு நெய்து உடுத்துகிறது, எங்கள் வீட்டில் மட்டும் பன்றிக்குப் பட்டு என்று அப்பா கிண்டல் செய்வார்.

பிறகு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். இளைக்கக் கூடாது. அருணகிரி ரைஸ் மில்லில் பெரிய தராசு இருக்கிறது, வா என்று கூப்பிட்டார். "நான் இன்னா அரிசி மூட்டையா? பன்னிய அளக்கறாப்போல என்னையும் அளந்துக்கோ, போ" என்றாள் அம்மா.

விளையாட்டாகச் சொன்னது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்காருவாள். அப்பா புடவைக்கு மேலேயே நெஞ்சைச் சுற்றிப் பட்டையைப் பிடிப்பார். மஞ்சள் தையலுக்குச் சரியாக வரும். ஒரு ஞாயிறு மட்டும் மஞ்சளுக்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றது. அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி மஞ்சளுக்கு வந்தது. அப்பா குழந்தை மாதிரி சிரித்து, கறிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் மஞ்சள்தான். அம்மா செத்த வாரத்திலும் மஞ்சள்தான்.

துக்க வீட்டில் யார் பன்றியைக் கவனித்தார்கள்? வந்த சனத்துக்குக் காப்பி போடவே கை போதவில்லை. வெள்ளச்சிக்கு எவனோ எப்போதோ எதையோ கொட்டினான். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அப்பா பெட்டியிலிருந்து பட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஜாய்சு, செவப்பத் தாண்டி ஒரு சாண் போவுதுமா."

"யாருக்கு?"

"வெள்ளச்சிக்கு. நாம ஒழுங்கா சோறே வெக்கல. எப்டி ஏறுனா?" குரலை இறக்கிக்கொண்டார். "உங்கம்மா வந்து வெச்சிகினு இருக்கா."

கொட்டகையைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அம்மா போனபின் அப்பா அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாக ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். அவரிடம் போய் எதிர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

அதிலிருந்துதான் தீனி குறைந்தது. சினைப்பன்றி கொழுக்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். முதலில் கல்யாண மண்டபத்தில் மிஞ்சி வருகிற சோற்றை நிறுத்தினார். அப்புறம் கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோள மாவு. கடைசியில் காலையில் கொஞ்சம் தவிடு, சாயங்காலம் கொஞ்சம் தவிடு, தண்ணீர். "மிச்சத்த அவ பாத்துக்குவா" என்பார். பட்டை மெல்லச் சிவப்பை நோக்கி இறங்கியது. அவருக்குத் திருப்தி.

எனக்குக் கண் இருக்கிறதே. அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது பட்டை இல்லை, கை. பன்றியின் முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினால்தான் எலும்பு தட்டவேண்டும். வெள்ளச்சிக்கு வைத்த உடனே தட்டியது. கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. தோல் தொளதொளவென்று கழுத்தில் மடிந்தது. ஒரு நாள் அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோது நான் வாளியைப் போட்டுவிட்டேன். கடைசி மாசத்தில் அம்மா தலையணையிலிருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை. பன்றிக்கு எப்படி அந்தப் பார்வை வரும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அதற்கப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்க்கிறதைத் தவிர்த்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். "முதுகுல கை வெச்சிப் பாருப்பா. எலும்பா இருக்குது."

"கை பொய் சொல்லும்மா. உங்கம்மாவத் தூக்கி உக்கார வெக்கசொல்ல என் கைக்கு வெறும் எலும்பாதான் தெரிஞ்சிது. பட்டைய வெச்சா மஞ்சளுக்கு வந்துது. பயந்த கைம்மா இது. பட்டைக்கு பயம் இல்ல."

கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து, அப்பா தவிடு வாங்க மில்லுக்குப் போகிற நேரம் பார்த்து, நானே திருட்டுத்தனமாகத் தீனி வைக்க ஆரம்பித்தேன். வேகவைத்த சோறு, புண்ணாக்கு ஊறல், ஒரு கை தாது உப்பு. வெள்ளச்சி எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அம்மா தீனி கொண்டுவரும்போது கல்யாண மோதிரத்தால் எவர்சில்வர் வாளியின் விளிம்பில் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் வெள்ளச்சி வருவாள். என்னிடம் மோதிரம் இல்லை. வண்டிச் சாவியால் தட்டினேன். உடனே எழுந்து வந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வேலிப் படலைப் பார்த்துக்கொண்டே தின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று இப்போது சொல்லலாம், அப்போது சொல்ல முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா பூரித்துப்போய் வந்தார். "நான் மில்லுலேந்து வந்துகினு இருக்கேன், மோதிரம் தட்ற சத்தம் கேக்குதும்மா. தெனமும் கேக்குது."

தினமும் நான் தட்டவில்லை. கடையில் முகூர்த்தக் கூட்டம், இரண்டு நாள்தான் என்னால் வர முடிந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டு நாள் தீனி எங்கே போதும்? அன்றைக்குத்தான் அவர் வெள்ளச்சியை அளந்து, "கரெக்டா வந்துட்டாம்மா" என்று சொன்னது. சிவப்புத் தையல் சுத்தமாகப் பொருந்தியது. நானே குனிந்து பார்த்தேன். பட்டையின் கீழே விலா எலும்பு ஏறி இறங்கியது. என் கண்ணுக்கும் பட்டைக்கும் நடுவே ஏதோ ஒன்று பொய். குட்டி போட அதிக நாள் இல்லை. இந்த உடம்போடு போட்டால் தாயும் தங்காது, குட்டியும் தங்காது. அப்பா அந்தப்பக்கம் போனதும் பட்டையைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் புடவை அளக்க இரும்பு மீட்டர்க்கோல் உண்டு. மறுநாள் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பட்டையை அதன்மேல் நீட்டி வைத்தேன். என்ன அளவு இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதே, வைத்துவிட்டு முழித்தேன். அப்போது நெய்த புடவையைக் கொடுக்க வந்திருந்த பரிமளாக்கா எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குச் சிநேகிதி. அம்மாவின் அந்தக் கல்யாணப் புடவையை நெய்தது அவள் மாமியார் வீட்டுத் தறி.

"இது உங்கம்மாவோட பன்னி டேப்பு இல்ல? இன்னுமா வெச்சினு கீறீங்க?"

"உனுக்குத் தெரியுமாக்கா இது?"

"நான்தான தையல மாத்திக் குடுத்தேன். மூணு நாலு தபா வந்தாளே."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். "எதுக்கு மாத்தினாங்க?"

"ஒடம்பு முடியாதவ, ஆட்டோ புடிச்சினு வந்து உக்காருவா. இந்த மஞ்சளக் கொஞ்சம் மொனைக்குக் கிட்ட நெருக்கிப் போடு பரிமளா, பச்சையும் செவப்பும் கூடவே நெருக்கிடு, இல்லாட்டி வித்தியாசமா தெரியும்னுவா. பழைய ஓட்டை தெரியக் கூடாதுன்னுவா. எச்சி தொட்டு நகத்தால நீவிட்டா பட்டுல ஓட்டை மூடிக்கும், அப்டிதான் செஞ்சேன். இன்னாத்துக்கு இதுன்னு கேட்டேன். பன்னி எளச்சிகினே போவுது, எளச்சிதுன்னு தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு சோறு துன்ன மாட்டறாரு, அதான்னு சொன்னா." பரிமளாக்கா சிரித்தாள். "பன்னிக்கோசரம் பட்டினி கெடக்கற ஆம்பளைய நான் பாத்ததே இல்லன்னேன். அவளும் சிரிச்சா."

நான் எழுந்து கடையின் பின்பக்கம் போய், புடவைக் கட்டுகளுக்கு நடுவே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்போது எங்கள் கொட்டகையில் அளக்கிற மாதிரி பன்றியே இல்லை. வெள்ளச்சியைத் தவிர எல்லாவற்றையும் விற்றாயிற்று, அவளும் அப்போது கொழுகொழுவென்றுதான் இருந்தாள். இளைத்துக்கொண்டே போனது யார் என்று பரிமளாக்காவுக்குத் தெரியாது. அம்மா மீது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இத்தனை ஞாயிறும் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்ன ஒரு நடிப்பு. அவள் நெருக்கின சிவப்புதான் இப்போது காய்ந்துபோன வெள்ளச்சியையும் சரியான அளவு என்று காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, "பழையபடி மாத்திக் குடுக்கா, ஜல்தி" என்றேன். அவள் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஈர விரலால் தடவித் தடவி முதன்முதல் ஓட்டையைத் தேடினாள். ஜரிகை முறிந்திருந்த இடத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். அங்கேயிருந்து மஞ்சள் எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது என்று பார்த்தபோது நான் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். தையல் சரியாகிவிட்டது. அவர் அளந்தால் இளைப்பு தெரியும், தீனி வைப்பார், வெள்ளச்சி பிழைப்பாள், அம்மாவின் பொய் அம்மாவோடு போகட்டும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், "ஒருவாட்டி அளந்து பாருப்பா, நேத்து அவசரத்துல பாத்துட்ட" என்றேன்.

சாயங்கால வெயில் கொட்டகைக்குள் சாய்ந்திருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து பட்டையைச் சுற்றினார். பச்சையைத் தாண்டி நாலு விரல்தான் வந்தது. சிவப்பு எங்கோ தொங்கியது. மறுபடி சுற்றினார். மூன்றாம் முறையும் சுற்றினார். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே நாள்ல," என்றார். "ஜாய்சு, அவ வர்றத நிறுத்திட்டா."

"அப்பா, எழுந்திரு."

"நான் இன்னா தப்பு பண்ணேன்? நேத்துகூட சத்தம் கேட்டுச்சே." வேலிப் படலைப் பார்த்துக் கூப்பிட்டார். "இன்னாசி, கோவமா?"

வெள்ளச்சியும் தலையைத் தூக்கி அதே படலைப் பார்த்தாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிமளாக்கா, எச்சில் தொட்ட நகம், ஆட்டோ, பன்றி இளைத்தால் சோறு தின்னாத புருஷன், எல்லாம். நான் திருட்டுத்தனமாகச் சாவியால் தட்டியதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே என்மீது வெறுப்பாக இருந்தது. செத்துப்போனவளை அவரிடமிருந்து இரண்டாம் முறை பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்பா பட்டையை மடியில் வைத்து நிமிண்டிக்கொண்டே கேட்டார்.

"கடசி ஞாயித்துக்கெழம மஞ்சள் எங்க இருந்துது?"

"வேணாம்பா."

"காட்டு."

கடைசித் தையலை அன்று மத்தியானம்தான் பிரித்தது. ஓட்டைகள் இன்னும் மூடவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். அப்பா பட்டையின் முனையைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் சேர்த்துப் பிடித்தார். ஒரு வளையம் ஆயிற்று. புடவை, ரவிக்கை எல்லாம் சேர்த்து அந்த அளவு. அதைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கி, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் உடம்பு அதற்குள் நுழைந்திருக்கும், அதற்குமேல் இடமில்லை.

"இவ்ளோதான் இருந்தாளா," என்றார். "என் கை கரெக்டாதான் சொல்லிச்சி."

பட்டையைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளச்சியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வைத்த உடனே முகத்தைச் சுளித்தார். "பாவி, ஒன்னையும் கொல்லப் பாத்தேனே" என்று அவள் காதைத் தடவினார். நான் சோற்று வாளியை முழுசாகக் கவிழ்க்கப் போனேன். தடுத்தார். "காஞ்ச வவுறுமா. ஒரேயடியா கொட்னா கழிஞ்சி செத்துரும். கொஞ்சம் கொஞ்சமாதான் ஏத்தணும்." கஞ்சியில் தவிட்டைக் கரைத்து, புண்ணாக்கு ஊறலைக் கொஞ்சமாகக் கலந்து, உப்புப் பார்க்கிற மாதிரி விரலால் தொட்டுப் பார்த்து வைத்தார். வாளியைத் தட்டவில்லை. வெள்ளச்சி அவர் கையைப் பார்த்துத் தின்றாள்.

குட்டி போட்டபோது இரண்டு செத்தே பிறந்தன. ஒன்று மறுநாள் போயிற்று. மற்றவை பிழைத்தன. பால் முதலில் வரவில்லை. அப்பா கொட்டகையிலேயே கிடந்து, சாக்குப் போட்டுச் சூடு காட்டி, அம்மா வைத்திருந்த அதே புட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஊட்டினார். மூன்றாம் நாள் வெள்ளச்சி ஒருக்களித்துப் படுத்து, அவளே உறுமிக் கூப்பிட்டுக் காம்பைக் கொடுத்தாள். அப்பா என்னைத் தேடி வாசல்வரை ஓடி வந்தார்.

வேலிப் பக்கம் இப்போதும் சில சாயங்காலம் மோதிரம் தட்டுகிற அந்தச் சத்தம் கேட்கிறது. நதிக்கரையில் எவனாவது சைக்கிள் மணி அடித்திருப்பான். நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்காத மாதிரி வேலையைப் பார்ப்போம்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா கொட்டகையிலிருந்து பட்டையை எடுத்துவந்தார். குட்டிகளை அளக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கினார். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. வெள்ளச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இவரைப் பார்க்கவில்லை.

"அளந்து சொல்லு," என்றார். "உங்கம்மா மாதிரி பொய் சொல்லக் கூடாது."

சுற்றிப் பிடித்தேன். "மஞ்சளுக்கு வரலப்பா. மூணு விரல் கம்மி."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் போட்ட சோற்றைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு கரண்டி போடு."